தவமணி, அந்த ஹாரன் சத்தத்துக்கு நான் சிரித்திருக்கக் கூடாது

என்னைத் தனியாகப் புலம்ப விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்த என் அருமை மச்சான் தவமணிக்கு,

உன் மூன்றாவது வருச நினைவுநாளுக்கு பிளக்ஸ் அடிக்கப் போனேன். கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் உன் படத்தை வைத்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், இரண்டு பக்கமும் புறா எல்லாம் போட்டுவிட்டான். "தம்பி, இவனுக்கு ஒளிவட்டம் போட்டா ஊருக்குள்ள ஒரு பய நம்ப மாட்டான்" என்றேன். "நாலு வரி சொல்லுங்கண்ணே, அதுக்கு மேல எடம் இல்ல" என்றான். நின்று நின்று யோசித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்குகிற மாதிரி இல்லை. பேரை மட்டும் போடச் சொல்லிவிட்டு வந்து, அழகரின் பழைய நோட்டில் இதை எழுதுகிறேன்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நீயோ எட்டாவது வரை படித்த மேதை. பிழை இருந்தால் திருத்திக்கொள். உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊருக்கே தெரிகிற மாதிரி ஏன் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன் என்று கேட்பாய். போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் என் கதை. ஷேர் ஆட்டோ இன்னும் அவனியாபுரத்துக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும்தான் ஓடுகிறது. என் வாயும் அப்படியே ஓடுகிறது. ஏறுகிற ஆள் ஒவ்வொருவரையும் வம்புக்கு இழுக்காமல் வண்டி எனக்கு நகராது. சனம் சிரிக்கிறது. "அண்ணே வண்டியில ஏறுனா டிவி பாக்க வேணாம்" என்கிறார்கள். ஆனால் உன் அளவுக்கு யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை மச்சான். நீ என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "இவன் பேச்ச நம்பாதீங்கம்மா, எந் தங்கச்சியக் கட்டுனதுமில்லாம எஞ் சோத்தையும் சேத்துத் திங்கிறான்" என்று வண்டியே அதிரப் போடுவாயே, அப்படி ஒரு ஆள் இல்லை. கேலி பேசுகிறவனைத் திருப்பிக் கேலி பேச ஆள் இல்லாமல் போவது எப்படி என்று உனக்குத் தெரியுமா? நாள் முழுக்கச் சிரித்துவிட்டு, வண்டியை நிறுத்தியதும் நான் என்னோடே ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இனி உன் மருமகன் கதை.

அழகருக்கு இப்போது இருபது வயது. உன் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினோம். நெற்றி முடியில் விழும் சுழி, நடக்கும்போது சாய்கிற இடது தோள், இட்லியைச் சாம்பாரில் முக்கி எடுத்துவிட்டு அரை நிமிசம் அதையே பார்க்கிற பார்வை, எல்லாம் நீதான். பார்க்கிறவர்கள் எல்லாம் "தாய்மாமன உரிச்சு வச்சிருக்கான்" என்பார்கள். உனக்குப் பெருமை தாங்காது. எனக்கும்தான். போன தை மாசத்தில் இருந்து அந்த வார்த்தையைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பொங்கல் கழிந்ததும் அவன் லேத் பட்டறைக்குப் போவதை நிறுத்தினான். கேட்டால், மேஸ்திரி தன்னைப் பற்றி மற்றவர்களிடம் சாடை பேசுகிறார் என்றான். பிறகு செல்போனில் கேமரா இருக்கிற இடத்தில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டினான். குளிக்கச் சொன்னால் தண்ணீரை முகர்ந்து பார்த்தான். வயசுக் கோளாறு, ஏதாவது பெண்பிள்ளை விவகாரமாக இருக்கும் என்று நானும் கிண்டலடித்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் உன் தங்கச்சி பஞ்சவர்ணம் துணி ஊறப்போடும்போது அவன் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இது என்ன தழ? காஞ்ச தொளசி மாதிரி இருக்கு. சளிக்கு எங்கயும் வாங்கியாந்தானோ?"

வாங்கி மோந்து பார்த்தேன். இருபத்தைந்து வருசம் ஒரு மூச்சில் திரும்பி வந்தது. உன் தங்கச்சிக்கு அது துளசி. எனக்கு அது நீ.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை மறந்திருக்க மாட்டாய். எழுமலையில் இருந்து காய்கறி மூட்டை ஏற்றிவரும் வண்டியில் நான் டிரைவர், நீ கிளீனர். சரக்கு இறக்கி முடித்தால் காலை பத்து மணிக்கு மேல் நமக்கு வேலை கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கிடப்போம். அங்கேதான் ஒரு லாரி டிரைவர் அந்தப் பொட்டலத்தை எனக்குப் பழக்கினார். நான் உனக்கு நீட்டினேன். நீ வேண்டாம் என்றாய். மூன்று நாள் வேண்டாம் என்றாய். நான்காவது நாள் எல்லாரும் இருக்கும்போது கேட்டேன்: "ஏண்டா மாப்ள, ஒனக்குப் பால் புட்டி வாங்கியாரவா?" அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ கையை நீட்டினாய்.

இதை இத்தனை வருசமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் தெரியும். நீயும் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை. ஏன் மச்சான்? மறந்துவிட்டாயா, இல்லை, எனக்காக மறைத்தாயா?

ஒரு வருசம் இரண்டு பேரும் சேர்ந்து ஊதினோம். ஒரே பொட்டலம், ஒரே மரம். எனக்குச் சிரிப்பு வரும், பசி எடுக்கும், நாலு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். நீ அப்படி இல்லை. நாளாக ஆகப் பேச்சு குறைந்தது. வண்டியில் போகும்போது திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாய். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். உன் கை சில்லென்று இருந்தது.

"மாப்ள, பஸ்சுக்காரய்ங்க ஹாரன் அடிக்கையில எம் பேரச் சொல்லிக் கூப்புடுறாய்ங்கடா. ஒனக்குக் கேக்கலையா?"

அப்போது நான் உன்னைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எனக்கு நல்ல கிண்டல் ஒன்று கிடைத்த சந்தோசம். "எந்த பஸ்சுடா, டவுன் பஸ்சா, வெளியூர் பஸ்சா? பொம்பளக் கொரலா இருந்தா எனக்கும் சொல்லு" என்றேன். அதோடு விட்டேனா? டீக்கடையில் சொன்னேன். மார்க்கெட்டில் சொன்னேன். அடுத்த நாளில் இருந்து தெரிந்த டிரைவர்கள் எல்லாம் உன்னைக் கண்டால் ஹாரனை நீட்டி அடித்து, "தவமணீ, ஏறு ஏறு" என்று கத்த ஆரம்பித்தார்கள். உனக்குக் கேட்டது பொய் என்று சொல்லக்கூட வழி இல்லாமல் நான் அதை நிசமாக்கிவிட்டேன். ஒரு மாசம் தாங்கினாய். பிறகு நீ வண்டியில் ஏறவே இல்லை.

எழுமலையில் உன் வீட்டில் நடந்தது உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். நான் சொல்கிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாய். சொந்தபந்தம் கூடியது. அதற்குப் பதினைந்து நாள் முன்னால் உன் அத்தை மகள், உனக்கு முறைப்பெண், நல்ல நாளுக்கு எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். ஒரு பெரியம்மா, "மருந்து வச்சுட்டாய்ங்க" என்றார். உன்னை வசியம் பண்ணிக் கட்டிக்கொள்வதற்காகத் தின்பண்டத்தில் மருந்து கலந்துவிட்டார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டு மூளைக்கு ஏறிவிட்டது என்று அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது.

பக்கத்து ஊரில் மருந்து எடுக்கிற ஒரு அம்மாவிடம் உன்னைக் கூட்டிப் போனார்கள். நானும் வந்தேன். உன் வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, முடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டினார் அந்த அம்மா. உன் ஆத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. அந்த உருண்டையைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அப்பாடா, பழி கச்சாயத்தின் மேல் போய்விட்டது என்று நினைத்தேன். அந்தக் கச்சாயத்தில் நானும் அஞ்சு தின்றிருந்தேன் மச்சான். என்மேல் ஒரு வசியமும் ஏறவில்லை. வாயைத் திறந்து அதையாவது சொல்லியிருக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய்.

உன் அத்தை வீட்டோடு பேச்சுவார்த்தை அற்றுப் போனது. மருந்து வைத்தவள் என்ற பேரோடு அந்தப் பெண்ணுக்கு வந்த சம்பந்தம் இரண்டு தடவை நின்றது. அவள் இன்றைக்கும் எழுமலையில் தனியாகத்தான் இருக்கிறாள், துணி தைத்துப் பிழைக்கிறாள்.

உனக்கு முன்னால் உன் சித்தப்பா ஒருவர் இருந்தார் இல்லையா? தோட்டத்து மோட்டார் ரூமிலேயே கிடந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு, யாராவது சோறு கொண்டுபோனால் கல்லால் அடித்துக்கொண்டு இருந்தவர். அவரை உன் வீட்டில் சாமியார் என்பார்கள். உன்னை மருந்து தின்றவன் என்றார்கள். உங்கள் வீட்டில் சாமியார் உண்டு, மருந்து தின்றவன் உண்டு, நோயாளி மட்டும் கிடையாது.

அப்புறம் உன் தங்கச்சியைக் கட்ட யாரும் வராமல் இருந்தபோது நான் கேட்டேன். எனக்கு அவளைப் பிடிக்கும், அது உனக்கே தெரியும். ஆனால் ஊர் என்னைத் தூக்கி வைத்துப் பேசியது. அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்கிறானே, தங்கமான பையன் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லாமல் அந்தப் பேரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கோயில் கோயிலாக ஆறு வருசம் அலைந்த பிறகுதான் உன்னை டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரை போட்டதும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தாய். அதற்கும் உன் ஆத்தா நரம்பு மாத்திரை என்று பேர் வைத்தது. ஆத்தா போன பிறகு நீ எங்களோடு வந்து இருந்த வருசங்கள்தான், நெஞ்சுவலி வந்து நீ போகிற வரைக்கும், என் ஆயுசிலேயே நான் நன்றாகச் சிரித்த வருசங்கள். ஆனால் நீ தொலைத்த அந்த ஆறு வருசத்தை நினைக்காமல் நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

இப்போது அழகருக்கு வருகிறேன். பொட்டலத்தைப் பார்த்த அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனோம். வயசில் சின்னவர், பொறுமையான அம்மா. அவனிடம் தனியாகப் பேசினார். எட்டு மாசமாக ஊதுகிறான் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது மனநோய் இருந்திருக்கா? அம்மா வழியில, அப்பா வழியில?"

பஞ்சவர்ணம் யோசிக்கவே இல்லை. "இல்லங்க மேடம். ரெண்டு பக்கமும் யாருக்கும் கெடையாது."

அவள் பொய் சொல்லவில்லை மச்சான். அதுதான் கொடுமை. அவள் மனசறிய அப்படி யாருமே இல்லை. சித்தப்பா சாமியார், அண்ணன் மருந்து தின்றவன். அவள் கணக்கில் அழகர்தான் முதல் ஆள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். உன் பேர் என் தொண்டை வரைக்கும் வந்தது. உன் பேரைச் சொன்னால் கச்சாயத்தைச் சொல்ல வேண்டும், கச்சாயத்தைச் சொன்னால் வேப்பமரத்தைச் சொல்ல வேண்டும். அத்தனையும் பஞ்சவர்ணத்தின் முன்னால்.

"எங்க பக்கம் எல்லாருக்கும் வாய்க்கொழுப்பு மட்டுந்தான் மேடம்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். இல்லை என்று எழுதிக்கொண்டார். கஞ்சாவை அடியோடு விட வேண்டும், தூங்குவதற்கு இந்த மாத்திரை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்.

அவனை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் வண்டியில் என்னோடேயே வைத்துக்கொண்டேன். நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து வந்தான். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, காலை பதினோரு மணி இருக்கும். வண்டி நிறைய ஆள். பூக்கூடையோடு ஏறிய ஒரு அக்காவை வழக்கம்போல வம்புக்கு இழுத்தேன். "கூடைக்குத் தனி டிக்கெட்டுக்கா, அது ஒங்களவிடக் கனமா இருக்கு" என்றேன். "ஒன் வாய்க்குத்தான்டா தனி டிக்கெட்டுப் போடணும்" என்றார் அந்த அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். வில்லாபுரம் தாண்டும்போது அழகர் எட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டான்.

"நிப்பாட்டுப்பா! எம்புட்டு நேரம் என்னையப் பத்தியே பேசிச் சிரிப்பீங்க? இவுக எல்லாரையும் நீதான ஏத்திக்கிட்டு வந்த? நீயும் அவிங்களோட சேந்துட்டியா?"

வண்டியை ஓரம் கட்டினேன். சனம் இறங்கிப் போனது. பூக்கார அக்கா மட்டும் போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பழக்கதோசம், எனக்குச் சிரிப்பு வந்தது மச்சான். உதடு வரைக்கும் வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். மாட்டுத்தாவணி வாசலில் நான் பார்க்காமல் விட்ட முகம் அதுதான் என்று தெரிந்தது.

மறுநாளே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"மேடம், போன தடவ கேட்டீங்கள்ல. இவன் தாய்மாமனுக்கு இருந்துச்சு. அவன் சித்தப்பனுக்கும் இருந்துச்சு."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு நான் ஜோக்கு சொல்லிட்டேன் மேடம்."

பஞ்சவர்ணம் என் கையை அழுத்தினாள். "ஏங்க, அது மருந்து வச்சதுல்ல? அண்ணனுக்கு நரம்புதான..."

"இல்ல பஞ்சு. கஞ்சா. நாந்தான் கொடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பால் புட்டியைச் சொன்னேன். ஹாரனைச் சொன்னேன். என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்தான். பஞ்சவர்ணம் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் எழுதினார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "குடும்பத்துல இருந்து வர்றது நோய் இல்லங்க. நோய் வர்றதுக்கான வாய்ப்பு மத்தவங்களவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அம்புட்டுதான். அந்த மாதிரிக் குடும்பத்துல பொறந்த பெரும்பாலான பேருக்கு ஒண்ணுமே ஆகாது. ஆனா அந்தக் குடும்பத்துப் பிள்ளை சின்ன வயசுலயே கஞ்சா குடிக்க ஆரம்பிச்சா, ஆபத்து இன்னும் கூடும்."

"நானும்தான மேடம் ஊதினேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒங்களுக்கு ஆகல. அதுக்காக அது சாதுவான சாமான்னு ஆயிருமா? யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு குடிக்கிறதுக்கு முன்னாடி யாராலயும் பாத்துச் சொல்ல முடியாது."

"அப்ப தவமணிக்கு வந்தது என்னாலதானா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கஞ்சா இல்லாமலும் வந்திருக்கலாம். கொஞ்ச வருசம் தள்ளி வந்திருக்கலாம். வராமலே போயிருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரிச் சொன்னா அது பொய்."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது மச்சான்? ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டார். அங்கேயே நிற்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை.

அழகர்தான் அடுத்துக் கேட்டான். "எனக்கும் மாமா மாதிரி ஆயிருமா டாக்டர்?"

"அத இப்பச் சொல்ல முடியாதுப்பா. இதோட நின்னும் போகலாம், அப்பப்ப திரும்பியும் வரலாம். மாத்திரையப் போடு, கஞ்சாவ விடு, என்ன தோணுனாலும் மறைக்காம வந்து சொல்லு. ஒங்க மாமா ஆறு வருசம் கழிச்சு வந்தாரு. நீ ஆரம்பத்துலயே வந்துட்ட. அது ரொம்பப் பெரிய வித்தியாசம்."

திரும்பி வரும்போது பஞ்சவர்ணம் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்சீட்டில் ஒரு சவாரி மாதிரி உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டே கேட்டாள். "அந்தக் கச்சாயத்துல ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

அதற்கு மேல் கேட்கவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்வேன். தட்டைத் தூக்கி எறிந்தால் நாலு கிண்டல் சொல்லிச் சமாளிப்பேன். அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிள்ளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். என்னோடு மட்டும் பேசவில்லை. ஒன்பது நாள். நம் வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததே கிடையாது.

பத்தாவது நாள் அவள் தனியாக பஸ் ஏறி எழுமலைக்குப் போனாள். இருபத்தைந்து வருசமாக மிதிக்காத அந்த அத்தை வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். சாயங்காலம் திரும்பி வந்து என்னிடம் சொல்லவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தச்சுக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்தா. உள்ள வான்னும் சொல்லல, வெளிய போன்னும் சொல்லல. நானே படியில ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். மிசின நிப்பாட்டல. முழுக்கக் கேட்டுட்டு, 'வெயில்ல வந்துருக்க, தண்ணி தரவா?'ன்னா. குடுன்னேன். 'நான் குடுக்கிறது. குடிப்பியா?'ன்னா. குடுன்னேன்."

"அப்புறம்?"

"ஒரு சொம்பு தண்ணியையும் குடிச்சேன். பாத்துக்கிட்டே நின்னா."

"அழுதாளா?"

"யாரும் அழுகல. இன்னொரு சொம்பு கேட்டேன்."

நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். பஞ்சவர்ணம் தலையை ஆட்டினாள். "வர வேணாமாம். 'ஒன் புருசன் எங்கிட்ட வந்து சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. பேரு கெட்டது ஊருக்குள்ள. எழுதத் தெரிஞ்சா ஊருக்கு எழுதச் சொல்லு'ன்னா."

அதற்காகத்தான் இது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன். எழுமலைச் சனங்களே, உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தபந்தங்களே, அந்த வீட்டுக் கச்சாயத்தில் மாவும் வெல்லமும்தான் இருந்தது. மருந்து இல்லை. தவமணிக்கு வந்தது நோய். அவன் சித்தப்பாவுக்கும் நோய்தான். அந்த நோய்க்கு வழி இருந்த உடம்பில் கஞ்சாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். இது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவனும் நான். பேர் வேண்டும் என்றால் என் பேரைச் சொல்லுங்கள்.

அழகர் இப்போது பொட்டலம் பக்கம் போவதில்லை. நாலு மாசமாகிறது. பழைய கூட்டாளிகள் வண்டி ஸ்டாண்டுக்கே தேடி வந்தார்கள். நான் பேசிய பேச்சுக்கு இன்னொரு தடவை வர மாட்டார்கள். மாத்திரையால் தூக்கம் தூக்கமாக வருகிறது, உடம்பு போடுகிறது என்று எரிந்து விழுகிறான். அரை நாள் மட்டும் பட்டறைக்குப் போகிறான். நன்றாகிவிட்டான் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. ஆனால் தெரியாது மச்சான். காலையில் அவன் எழுந்து வருகிற முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த நாள் என்ன என்று தெரிகிறது. அவன் வண்டியில் இருந்தால் நான் பேசுவதில்லை. சவாரிக்காரர்கள் என்னப்பா வாய்க்குப் பூட்டா என்று கேட்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு ஓட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் வாசலில் வண்டி கழுவிக்கொண்டு இருந்தோம். நான் பக்கெட்டைத் தூக்கினேன். அவன் துணியைப் பிழிந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"இன்னைக்குக் காலையில கேட்டுச்சுப்பா."

தெருவில் ஆளே இல்லை. என் வாய் தன் போக்கில் எதையோ சொல்லக் கிளம்பியது. அடக்கினேன். பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"என்னப்பா கேட்டுச்சு?"

"பேரு. எம் பேரு. ரெண்டு தடவ." துணியை உதறினான். "நிசமில்லன்னு தெரியுது. ஆனா கேட்டுச்சு. ஒன்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

அவன் மறுபடியும் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான். நானும் துடைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் டாக்டரிடம் சொன்னோம். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். சொன்னது நல்லது என்று அவனிடம் சொன்னார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அவனுக்கு என்ன கேட்டாலும், எந்த நாள் கேட்டாலும், முதலில் என்னிடம் வந்து சொல்கிற மாதிரி நான் இருப்பேன். சொன்னால், என்ன கேட்டது என்று மட்டும் கேட்பேன். நான் செத்தாலும் அவன் முன்னால் அதற்குச் சிரிக்க மாட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன்னை மாப்ள என்று கூப்பிட்டுப் பழகி, உன் தங்கச்சியைக் கட்டி உனக்கே மாப்பிள்ளையாகிவிட்ட,
அழகரின் அப்பன் காசி,
அவனியாபுரம்.